பராமரிப்புப் பிரிவு உறுப்பினர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பொதுக்குழு ஒரு முறை போதிய ஆள் வராமல் (கோரம் இல்லாமல்) தள்ளிப்போய், அப்புறம் நடந்தது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. விளையாட்டுப் போட்டி நடக்கவில்லை. பொறுப்பேற்றவர்கள் காரணம் சொல்வார்கள்.

ஏப்ரல் 28 பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், அதற்குத்தான் அதிகம் பேச்சு வாங்கினேன். வேலையிடத்தில் உயிரிழந்தவர்களுக்காகப் பல நாடுகளில் தொழிற்சங்கங்கள் கடைப்பிடிக்கும் நாள் அது. 2003 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே நாளைப் பணியிடப் பாதுகாப்பு நாளாக நடத்துகிறது. நாம் அன்றைக்கு நம்மோடு வேலை பார்த்து உயிரிழந்த தம்பியை நினைக்கிறோம். (வீட்டார் கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை, பழையவர்களுக்குத் தெரியும்.) மிக்ஸர் என்ற கலவை மெஷினுக்குள் இறங்கித் தகடு மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ பட்டனை அழுத்திவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். சங்க அறையில் இருக்கும் படமே ஒரு குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதுதான், ஓரத்தில் பக்கத்து ஆளின் தோள் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைக் காட்டி "இவர் பழைய தலைவரா?" என்று கேட்டார். இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டுக் கலைவது இனி போதாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அதனால் வந்ததுதான் பூட்டுப் பலகை. ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரே ஒரு சாவி, அது அவரவர் பையில். இறங்குவதற்கு முன் மெயினை அணைத்து அதில் பூட்டைப் போட வேண்டும். நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு, கடைசிப் பூட்டு கழலும்வரை யாராலும் மெஷினை ஓட்ட முடியாது. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று பார்க்க வேண்டும், காற்றழுத்தத்தை இறக்க வேண்டும், தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் நாமெல்லாம் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்கள்தானே, அதுவும் நேரமிருந்தால். ஸ்டாப் பட்டனை மட்டும் நம்பி இறங்கியவன் அந்தத் தம்பி ஒருவன் மட்டும் இல்லை.

"பூட்டு வாங்கித் தருவது நிர்வாகத்தின் வேலை, சங்கம் என்ன பூட்டுக்கடையா?" என்றார்கள். சரி, நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நாம் வாங்கியது கை பழகுவதற்கு. பழக வாருங்கள் என்றால் பாதி நாற்காலி காலி, கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட வரவில்லை. வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் தம்பியின் அண்ணன். பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்றார். ஆமாங்க என்றேன், வேறென்ன சொல்வது.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். வரவு நினைத்த அளவு இல்லை, செலவு கொஞ்சம் கூடுதல், ஆனாலும் கையில் மிச்சம் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்தவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று யோசனை வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன், இந்த ஆண்டுக்கு.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷமே. யாரும் வராவிட்டால் நானே பார்க்கிறேன், ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னும் பூட்டு வாங்கவில்லை, அது பாக்கிச் சந்தாவிலிருந்துதான் வரவேண்டும். யார் யார் என்று அவரவருக்கே தெரியும்.