கார் ரிமோட் சாவியின் பேட்டரி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணி தாண்டி ஒரு போன். நம் சாவிக் கடைக்குப் பல வருடமாக வருகிறவர்தான். குடும்பத்தோடு மருதமலைக்குப் போய்விட்டு, அடிவாரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். "அண்ணா, சாவி செத்துப் போச்சுங்க. கதவே திறக்க மாட்டேங்குது. கண்ணாடிய உடைச்சுரலாங்களா?" என்கிறார். அவர் கையில் இருக்கிற ஸ்மார்ட் கீக்குள்ளேயே (பட்டனை அழுத்தி வண்டியை ஸ்டார்ட் செய்கிற வகை ரிமோட் சாவி) ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பது, வண்டி வாங்கி நான்கு வருடமாகியும் அவருக்குத் தெரியாது. வண்டியைக் கொடுத்தவர்களும் சொல்லவில்லை, சாவிக்குப் பேட்டரி விற்கிற நாங்களும் சொன்னதில்லை. போனிலேயே வழி சொன்னேன், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். இன்னொருவர் கண்ணாடி உடைவதற்குள் எல்லாருக்கும் எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

அவருக்குச் சொன்னதையே முதலில் சொல்கிறேன். ஸ்மார்ட் கீயின் ஓரத்திலோ பின்பக்கமோ ஒரு சின்ன பொத்தானோ நகர்த்துகிற கொக்கியோ இருக்கும். அதை அழுத்திப் பிடித்து இழுத்தால் இரும்புச் சாவி வெளியே வரும். டிரைவர் பக்கக் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும். சில வண்டிகளில் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும், கைப்பிடிக்கு அடியில் தடவிப் பார்த்தால் மூடியை நெம்புவதற்கான கீறல் கைக்குத் தட்டுப்படும். இப்படித் திறக்கும்போது அலாரம் ஊளையிடலாம். கூட்டம் திரும்பிப் பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் பெரும்பாலும் அதுவே அடங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்ய, சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டினாற்போல் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்துங்கள். பல ஹூண்டாய் வண்டிகளில் விரலுக்குப் பதில் சாவியாலேயே பட்டனை அழுத்தினால் போதும். டொயோட்டாவில் சாவியின் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் தொட வேண்டும். பேட்டரியே இல்லாத சாவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். ஒரு டப்பாவுக்குள் இரண்டு ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவைத் திறந்து மூடுகிற ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும். 'இது என் வண்டிச் சாவிதான்' என்று வண்டிக்கு அடையாளம் காட்டுகிற இம்மொபிலைசர் சிப்புக்கு வேண்டாம். வண்டியில் உள்ள ஒரு செப்புக் கம்பிச் சுருள்தான் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. அந்த ஊட்டம் சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும், அதனால்தான் ஒட்டி வைக்கச் சொல்கிறோம். திருகி ஸ்டார்ட் செய்கிற பழைய சாவியிலும் இதே கதைதான்.

ஆகவே ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் புதுச் சாவிக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். வேறொரு இடத்தில் ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள் என்று கவலையோடு வந்த ஒருவருக்கு நாங்கள் மாற்றியது ஒரு பட்டன் பேட்டரி மட்டும். பேட்டரி சொல்லாமல் சாவதும் அரிது. இருபது அடியிலிருந்து திறந்துகொண்டிருந்த கதவு, வண்டிக்குப் பக்கத்தில் போய் இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் திறக்கிறது என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டு சாவியும் ஒரே நாளில் வேலை செய்யவில்லையா? அப்போது சாவியை விட்டுவிட்டு, பானெட்டுக்கு அடியில் இருக்கிற 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

என்ன பேட்டரி என்பது பேட்டரியின் முதுகிலேயே எழுதியிருக்கும். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் அதே அகலம், 2.5 கனம். 1632 என்றால் 16 அகலம். எல்லாமே 3 வோல்ட்தான். 2032 கேட்கிற இடத்தில் 2025 உட்காரும், ஆனால் தகடு சரியாகத் தொடாது. இப்படிப் போட்டு, இடைவெளிக்குப் பேருந்து டிக்கெட்டை மடித்துச் செருகிய சாவியையெல்லாம் நாங்கள் பார்த்திருக்கிறோம். சார்ஜ் செய்கிற வகை, எல்ஐஆர் 2032 என்று எழுதியது, வேண்டவே வேண்டாம். முழு சார்ஜில் அது 4 வோல்ட்டைத் தாண்டும், ரிமோட் சர்க்யூட் அதற்காகச் செய்ததில்லை.

வீட்டிலேயே மாற்றலாம், ஐந்து நிமிட வேலை. ஸ்மார்ட் கீ என்றால் முதலில் இரும்புச் சாவியை உருவுங்கள், டப்பாவைப் பிளக்கிற இடம் பெரும்பாலும் அதன் பின்னால்தான். ஸ்க்ரூ டிரைவர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி நெம்பினால் கீறல் விழாது. பழைய பேட்டரியை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிளஸ் பக்கம் மேலேயா கீழேயா என்பது சாவிக்குச் சாவி மாறும். புதியதை ஓரத்தைப் பிடித்து வையுங்கள். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் இருந்தால் அது தன் இடத்திலேயே இருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றினால், சாவியை வண்டியோடு இணைக்கிற கோடிங் அழிந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது மின்சாரம் இல்லாமலே நிற்கிற மெமரியில் இருக்கிறது, நிதானமாகவே மாற்றலாம். உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சில மடக்குச் சாவிகளில் இம்மொபிலைசர் சிப் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புத் துண்டாக, தனியாகச் செருகப்பட்டிருக்கும். மூடியைத் திறக்கும்போது அது உருண்டு சோஃபாவுக்கு அடியில் போய்விட்டால், வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைந்துவிடும். தரையில் ஒரு துண்டு விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

புது பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதன் மேற்பரப்பைப் பாருங்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிடட்டும் என்று சில கம்பெனிகள் கசப்புப் பூச்சு தடவுகின்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே மின்தொடர்பைத் தடுத்துவிடும். ஆப்பிள், பொருட்களைத் தொலைக்காமல் தேட உதவும் தன் ஏர்டேக் கருவிக்கே இந்த எச்சரிக்கையைத் தருகிறது. கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பட்டன் தேய்ந்திருக்கலாம், உள்ளே சால்டர் வைத்த இணைப்பு விட்டிருக்கலாம். அப்போது எடுத்து வாருங்கள்.

பீரோவில் தூங்குகிற இரண்டாவது சாவியையும் மறக்காதீர்கள். ஸ்மார்ட் கீ சும்மா கிடந்தாலும் வண்டி கூப்பிடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கும், அதன் பேட்டரியும் தீரும். டிவி, லேப்டாப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். சில டொயோட்டா சாவிகளில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் அது உறங்கப் போய்விடும். மீண்டும் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும்.

அப்புறம், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். சாவிக்கு ஆகாத பேட்டரியிலும் குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். 20 மில்லிமீட்டர் பேட்டரி அங்கே சரியாகச் சிக்கிக்கொள்ளும், இரண்டு மணி நேரத்திலேயே பலத்த தீக்காயம் உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். வேறு எதுவும் கொடுக்காதீர்கள். தேன் கையில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல் நம் கடைக்குக் கொண்டு வாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அதற்கென ஒரு டப்பா வைத்திருக்கிறோம், நிறைந்ததும் மறுசுழற்சிக்கு அனுப்புவோம். பேட்டரி நம்மிடம் வாங்கினால் மாற்றித் தருவதற்குக் காசு இல்லை. மருதமலைக்காரர் மறுநாள் காலையிலேயே வந்து இரண்டு சாவிக்கும் மாற்றிக்கொண்டு போனார். இரண்டாவது சாவி அவருடையதைவிட மோசமாக இருந்தது.

அன்புடன்,
உங்கள் சாவிக் கடைக்காரர்,
காந்திபுரம், கோவை