கழுவெளியில் ஒரு வீடு: நண்பனுக்குக் கடிதம்

மடிப்பாக்கம், சென்னை.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலமாக இருப்பதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. மகளுக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்திருப்பதாகவும், வில்லங்கச் சான்று சரியாக இருப்பதால் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைவரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது. நான்கு நாள் மாடியிலேயே இருந்தோம். 2019 கோடையிலோ அதே தெருவில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டையும் அனுபவித்த பிறகுதான், வெள்ளமும் வறட்சியும், மழைநீர் தங்கும் இடத்தை அழித்த ஒரே பிழையின் பிள்ளைகள் என்பது எனக்கு உறைத்தது.

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. நிலமோ மேசை போலத் தட்டையானது. இதை அறிந்த முன்னோர் கரை எழுப்பி ஏரிகளை அமைத்து, ஒன்று நிரம்பினால் அதன் கலங்கல் வழியே அடுத்ததற்கு நீர் போகுமாறு செய்திருந்தார்கள். இந்தத் தென்பகுதியில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, அப்படி ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைக் கழுவெளி என்னும் சதுப்புநிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைச் சேர்கிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களில் உள்ள தாங்கல் என்பது சிறு ஏரிதான். மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்தே 1920களில் தியாகராய நகர் எழுந்தது. முகப்பேரில் ஒரு பகுதிக்கு இன்றும் ஏரி ஸ்கீம் என்று பெயர். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கழுவெளியின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் பெருங்குடிக் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. எஞ்சியது 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி. 2021 வெள்ளத்துக்குப் பின் பல இடங்களில் புதிய மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவற்றால் நீர் விரைவாக வடிந்த தெருக்கள் உண்டு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடலே பொங்கி நின்றதால், முகத்துவாரங்கள் வெள்ளத்தை எளிதில் உள்வாங்கவில்லை. கடல் வாங்க மறுக்கும் அந்த ஓரிரு நாட்கள் நீர் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாம் மனைகளாகப் பிரித்து விற்றிருக்கிறோம். ஆகவே வடிகாலை அகலப்படுத்துவதைவிட, எஞ்சியுள்ள ஏரிகளையும் அவற்றின் வரத்துக்கால், போக்குக்கால்களையும் காப்பதே முதல் வேலை என்று நினைக்கிறேன்.

வீட்டளவிலும் செய்யக்கூடியது உண்டு. மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. பலர் ஒருமுறை குழி தோண்டியதோடு மறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் புரட்டாசியில் மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவிப் போடுகிறோம். சென்ற சித்திரையில் எங்கள் கிணறு வற்றவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். வில்லங்கச் சான்று அடமானத்தைக் காட்டும், தண்ணீரைக் காட்டாது. மனையின் சர்வே எண்ணை வாங்கி, பழைய கிராம வரைபடத்திலும், கிராம நில விவரங்களைக் கொண்ட 'அ' பதிவேட்டிலும் அது ஏரி, வாய்க்கால், கழுவெளி என்று ஏதேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். நகலை அனுப்பினால் நானே நேரில் போய் விசாரிக்கிறேன். முன்பணம் எதுவும் இப்போது கொடுக்காதே. கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் இங்கே வா. இருவரும் அந்தத் தெருவுக்குப் போய், 2015இலும் 2023இலும் நீர் எதுவரை நின்றது என்று அங்குள்ள பால்காரரிடமும் கேட்டுவிட்டு வருவோம்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள்.

உன் அன்பு நண்பன்