இரண்டு இறுதிப்போட்டி, ஆறு புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரும் 8ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதுகின்றன என்பதால் உங்கள் விளையாட்டுப் பக்கம் முழுக்க உலகக்கோப்பைதான். தப்பில்லை. ஆனால் நான் வசிக்கும் பிரிஸ்பேனில் இந்த வாரம் கம்மின்ஸ் பெயரைச் சொல்ல ஆளில்லை. சனிக்கிழமை (செப்டம்பர் 30) ஒரு இறுதிப்போட்டி, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. இரண்டிலும் எங்கள் ஊர் அணி, இரண்டிலும் தோல்வி. ஒன்றில் 4 புள்ளி, மற்றதில் 2 புள்ளி. திங்கட்கிழமை அரசர் பிறந்தநாள் விடுமுறை. துக்கம் அனுஷ்டிக்க வசதியாகப் போயிற்று.

சனிக்கிழமை நடந்தது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட்டும் பிரிஸ்பேன் லயன்ஸும் மோதின. பார்க்க வந்தவர்கள் 1,00,024 பேர். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பங்களுக்கு உள்ளே போனால் பிஹைண்ட், 1 புள்ளிதான். லயன்ஸ் 13 கோல் அடித்தது, காலிங்வுட் 12தான். ஆனாலும் 90-86 என்று ஜெயித்தது காலிங்வுட். அவர்களுக்கு 18 பிஹைண்ட், எங்களுக்கு 8. குறி தவறியே கோப்பை வாங்கிவிட்டார்கள் என்று என் மகன் பொருமுகிறான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் 30 முறை கம்பத்துக்கு வந்திருக்கிறார்கள், நாங்கள் 21 முறை. பாதி நேரம் பந்து யார் பக்கம் கிடந்தது என்று அதிலேயே தெரிகிறதே.

கடைசி ஐந்து நிமிடம்தான் தாங்க முடியவில்லை. சார்லி கேமரன் அடித்து லயன்ஸ் முன்னிலை. உடனே காலிங்வுட்டின் டி கோயி ஒன்று, அப்புறம் அவர்களின் சைட்பாட்டம் தொலைவிலிருந்து ஒன்று. எங்கள் டேனிஹர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். முடியும் தறுவாயில் எங்கள் லாக்கி நீலுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. ஆனால் சக வீரர் பெய்லி பந்தை எடுத்து உதைத்துவிட்டார் என்பதால் நடுவர் அட்வாண்டேஜ் கொடுத்து ஆட்டத்தைத் தொடர விட்டார். இதைப் பற்றி இங்கே பெரிய சண்டை. என்னைக் கேட்டால், அந்த ஒரு விசிலால் மட்டும் நாங்கள் தோற்கவில்லை. காலிங்வுட் பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரே, லயன்ஸ் தொடர்ந்து மூன்று ஆண்டு (2001-2003) கோப்பை வென்றபோது எங்கள் அணியில் ஆடியவர். போட்டியன்று காலையில்தான் அவருக்குக் குழந்தை பிறந்தது. அந்த மனிதர் மேல் கோபப்படக்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரக்பி லீக், சிட்னியில். அங்கே அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். எங்கள் குயின்ஸ்லாந்தில் அந்த வழக்கமில்லை. அதனால் அவர்களுக்கு ஏழரை, எங்களுக்கு ஆறரை. இடைவேளைக்குப் பிறகு எஸ்ரா மாம் அடுத்தடுத்து மூன்று டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, 4 புள்ளி) அடிக்க, பிரிஸ்பேன் பிராங்கோஸ் 24-8. தெருவே கத்தியது. பிறகு பென்ரித் அணியின் நேதன் கிளியரி ஒரே ஆளாக ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். கடைசி டிரையும் அவரே, அதற்கான உதையும் அவரே, 26-24. இரு அணிக்கும் நாலு நாலு டிரை, நாலு நாலு கன்வர்ஷன் (டிரைக்குப் பிறகு கிடைக்கும் உதை, 2 புள்ளி). வித்தியாசம், முதல் பாதியில் கிளியரி அடித்த ஒரே ஒரு பெனால்டி கோல். பதினாறு புள்ளி முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாத அணிக்கு யார் மேலும் பழி போட உரிமையில்லை. பென்ரித்துக்கு இது தொடர்ந்து மூன்றாவது கோப்பை. வெறும் வயிற்றெரிச்சலோடு கைதட்டினேன்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் இறுதிப்போட்டி எந்த அணிகள் வந்தாலும் மெல்பர்னில்தான் என்று 2050-களின் இறுதி வரை ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். லயன்ஸ் இந்த ஆண்டு எங்கள் காப்பா மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. காலிங்வுட்டோ தன் சொந்த மைதானத்திலேயே இறுதிப்போட்டி ஆடுகிறது. கொரோனா சமயத்தில் 2020ல் பிரிஸ்பேனிலும் 2021ல் பெர்த்திலும் நடத்தினார்களே, வானம் இடிந்தா விழுந்தது?

"2012ல் ஐபிஎல் இறுதிப்போட்டி சேப்பாக்கத்தில்தான் நடந்தது, சிஎஸ்கே கொல்கத்தாவிடம் தோற்கவில்லையா" என்று என் வீட்டுக்காரர் மடக்குகிறார். சரி, லயன்ஸும் 2002லும் 2003லும் இதே காலிங்வுட்டை இதே மெல்பர்னில் தோற்கடித்தவர்கள்தான். காப்பாவில் நாற்பதாயிரம் பேர்தான் உட்காரலாம், டிக்கெட் வருமானம் பாதிக்குக் கீழே போகும் என்பதும் தெரியும். இருந்தாலும் நாடு முழுக்க ஆடும் போட்டி என்று சொல்லிக்கொண்டு, முடிவை மட்டும் ஒரே ஊருக்கு எழுதி வைப்பது நியாயமில்லை. லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணியின் ஊருக்கு இறுதிப்போட்டியைக் கொடுக்கட்டும். இந்த ஆண்டு முதலிடம் காலிங்வுட்தான். என் விதிப்படியும் ஆட்டம் மெல்பர்னுக்கே போயிருக்கும். அதனால் தோற்ற ஆத்திரத்தில் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்பிரிங்ஃபீல்டு, பிரிஸ்பேன்
2 அக்டோபர் 2023