மாணவர் ரோபோட்டிக்ஸ் அணிகளுக்கான பொதுப் பயிற்சி அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். ரோபோட்டிக்ஸ் அணிகளில் உள்ள மாணவர் ஒவ்வொருவரும் தாம் செய்த வேலையை முன்பின் அறியாதவர்களிடம் தெளிவாக எடுத்துச் சொல்லப் பழக வேண்டும் என்ற நோக்கத்துடன், பல அணிகளும் முறைவைத்துப் பயன்படுத்தக்கூடிய பயிற்சி அறை ஒன்றை அமைக்க முனைந்துள்ளோம். இம்முயற்சிக்குத் தங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

1989-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு மாணவர்களுக்கென நடத்தும் லெகோ லீக் ரோபோ போட்டியில், களத்தில் ரோபோ ஓடும் ஒரு சுற்று 2½ நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நடுவர் அறையிலோ ஏறத்தாழ அரை மணி நேரம் அணியினர் தங்கள் ஆய்வுத் திட்டத்தையும் ரோபோவின் வடிவமைப்பையும் விளக்கிக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். பயிற்றுநர் உடனிருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. இருந்தும், அணிகளுக்குக் கிடைக்கும் உதவியெல்லாம் மோட்டாருக்கும் சென்சாருக்குமே செலவாகிவிடுகிறது.

இதன் விளைவைப் பயிற்சியின்போது நேரில் காண்கிறோம். "ரோபோவின் இந்தக் கையிலுள்ள கியரை (பற்சக்கரத்தை) ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால், அதை மாற்றிய மாணவி ரோபோவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எடையைத் தூக்க முடியாமல் மோட்டார் திணறுவதைக் கண்டதும், சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்படி அமைத்தால் வேகம் குறைந்து முறுக்குவிசை (சுழற்றும் வலிமை) கூடும் என்று கணக்கிட்டதும் அவரே. ஆனால் பேச்சு வன்மை உள்ள வேறொரு மாணவர் முந்திக்கொண்டு அரைகுறையாக விடை சொல்லிவிடுகிறார். இப்படி ஒரு பருவம் முழுவதும் மௌனமாக இருந்துவிட்டால், அந்த மாணவி தன் திறமையையே ஐயப்படத் தொடங்குகிறார். எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

மனப்பாடம் செய்து ஒப்பிப்பதை நாங்கள் பயிற்சியாகக் கருதவில்லை. முதல் குறுக்குக் கேள்வியிலேயே அது குலைந்துவிடும். எது சரிவரவில்லை, ஏன் சரிவரவில்லை, அடுத்து என்ன செய்து பார்த்தோம் என்பதைப் பொறியியல் குறிப்பேட்டைத் திறந்துவைத்துச் சொல்லப் பழகியவருக்குத்தான் தன்னம்பிக்கை நிலைக்கிறது. பின்னாளில் வேலைக்கான நேர்காணலிலும், அலுவலகத்தில் தம் வடிவமைப்பை மூத்த பொறியாளர்கள் அலசும் கூட்டத்திலும் அவர் எதிர்கொள்ளப்போவது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான்.

திரட்டப்படும் நிதி அறை வாடகை, புரொஜெக்டர், பேச்சைப் பதிவுசெய்து மாணவரே பார்த்துத் திருத்திக்கொள்ள ஒரு கேமரா, மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்ப வாகனம் ஆகியவற்றுக்கு மட்டுமே செலவிடப்படும். நடுவர்களாக அமர்ந்து கேள்வி கேட்கும் பொறியாளர்கள் ஊதியம் பெறப்போவதில்லை. வழிகாட்டிகள் இல்லாத அணிகளுக்கு முதலிடம் தரப்படும். ஒவ்வொரு பயிற்சியிலும் அணியின் எல்லா உறுப்பினர்களும் ஒருமுறையேனும் பேசியாக வேண்டும் என்பது நாங்கள் விதித்துள்ள ஒரே நிபந்தனை.

தொகை சிறிதாயினும் நன்றியுடன் ஏற்போம். நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினிகளையும் தரலாம். பொறியியல் துறையில் பணிபுரிவோர் மாதம் ஒரு மாலைப்பொழுதை நடுவராக வந்து தந்தால் அதுவும் பெரிய உதவியே. நன்கொடைகளைக் குழுவின் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு போட்டிப் பருவத்தின் முடிவிலும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பிவைக்கப்படும்.

இங்ஙனம்,
பயிற்சி அறை அமைப்புக் குழுவினர்