தம்பிக்கு, திருகோணமலையிலிருந்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பின்வளவு முருங்கை காற்றுக்கு முறிந்து விழுந்துவிட்டது. மற்றப்படி ஊர்ப்புதினம் பெரிதாக இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரவில் நித்திரை வருகிறதா? ஃபோனில் கேட்டால் "ஓம் அம்மா, எல்லாம் ஓகே" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா சொன்னாள். மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிற நீ, அங்கே டொரோண்டோவில் விடிய நாலு மணிக்கு எழும்பித் தியானத்தில் இருக்கிறாயாம். அடுத்த மாதம் பத்து நாள் மௌன முகாமுக்குப் போகப் போகிறாயாம், அங்கே ஃபோனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். அவளோடு சண்டை பிடிக்காதே. நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னாள்.

நீ புத்தர் சொன்ன வழியில் இருந்து பார்க்கிறாய் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்குப் பயந்துதான் மறைத்திருப்பாய். 2005இல் சந்தைக்குப் பக்கத்தில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வந்ததும், அதற்குப் பிறகு நடந்த ஹர்த்தாலும் நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா இன்றைக்கும் அந்த இடத்தால் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் சிலையை வைத்து இடம் பிடிக்கிறவர்களின் வேலை வேறு, உன் மனதுக்கு நீ தேடுகிற ஆறுதல் வேறு. பெரியகுளத்துப் பக்கம் இருக்கிற வெல்கம் விகாரையை எங்கள் ஆட்கள் நாதனார் கோவில் என்றுதானே சொல்லி வந்தார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பேர். விளக்கும் மாடும் கொடுத்ததைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ம்" என்றார். அவருடைய "ம்" உனக்குத் தெரியும்.

என்னோடு வார்டில் தாதியாக வேலை செய்த சிங்கள மிஸ்ஸியை நினைவிருக்கிறதா, உனக்குத் தொதல் கொண்டுவந்து தருவாரே, அவர் போன போயாவுக்கு, பௌர்ணமி லீவுக்கு, வந்திருந்தார். உன்னைப் பற்றிச் சொன்னேன். (கோபிக்காதே. அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?) அவர் ஒரு கதை சொன்னார். வயிற்றோட்டம் கண்டு, தன் அழுக்கிலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றப் பிக்குகள் எட்டியும் பார்க்கவில்லையாம். அவரால் தங்களுக்கு ஒரு உதவியும் இல்லை என்பது அவர்களுடைய நியாயம். புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் தாங்களே தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்களாம். பிறகு புத்தர் மற்றவர்களைக் கூப்பிட்டு, உங்களைப் பார்க்க இங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, நீங்களே ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டாராம். எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்றாராம்.

தம்பி, உனக்குத் தாயும் இருக்கிறேன், தகப்பனும் இருக்கிறார்.

இரண்டு அம்பு பற்றியும் அவர் சொன்னார். உனக்குத் தெரிந்திருக்கும். ஒருவனுக்கு அம்பு பட்டால் நோகும். அந்த நோவுக்காக அவன் மனம் புழுங்கி அழுது அரற்றும்போது இரண்டாவது அம்பும் படுகிறது. கேட்டவுடன் எனக்கு, தீபாவளிக்கு முதல் நாள் நீ ஃபோனில் சொன்னதுதான் நினைவு வந்தது. "நான் ஒன்றுக்கும் உதவாதவன் அம்மா" என்றாய். அது இரண்டாவது அம்பு ராசா. உன் நோய் சொன்ன சொல் அது, உன்னுடையது இல்லை. மூச்சைப் பார்த்து இருக்கும்போது அப்படி ஒரு நினைப்பு வந்தால், இதோ வருகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி மூச்சுக்குத் திரும்ப உனக்குப் பழக்கம் வருமென்றால், நீ செய்வது நல்ல வேலை. நான் குறுக்கே நிற்க மாட்டேன். முதல் அம்பை மட்டும் வைத்தியர்தான் பார்க்க வேண்டும். புத்தருக்கே ஜீவகன் என்று ஒரு வைத்தியர் இருந்தார், உடம்பு சரியில்லாதபோது அவர் கொடுத்த மருந்தை எடுத்துக்கொண்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் கோப்பியோடு இருக்காதே.

சோணன் என்று ஒரு பிக்கு, பாதம் வெடித்து இரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தாராம். பலன் இல்லை என்று மனம் விட்டுப்போய் வீட்டுக்குத் திரும்ப நினைத்தபோது புத்தர் அவரிடம், வீணை நரம்பை மிஞ்சி முறுக்கினால் நாதம் வருமா என்று கேட்டாராம். நீயும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஸ்கொலர்ஷிப் சோதனைக்குக் காய்ச்சலோடு இருந்து படித்தாய். மாவட்டத்திலே உன் பேர் வந்தபோது நான் வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் இது சோதனை இல்லை. நாலு மணிக்கு ஏன் எழும்புகிறாய்? மனச்சோர்வுக்காரர் விடியற்காலையில் நித்திரை குலைந்து கிடப்பதை எத்தனையோ பேரில் பார்த்தவள் நான். நீ எழும்புகிறாயா, இல்லை நித்திரை வராமல் கிடக்கிறாயா?

நான் படித்தும் பார்த்தேன். நீ கிளினிக்கில் செய்தாயே அந்த எட்டு வாரத் தியான வகுப்பு, அதை உண்டாக்கிய மூன்று பேரில் ஒருவர் டொரோண்டோவிலேயே இருக்கிற சிண்டல் சீகல். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தேறியவர்களுக்கு என்பதைக் கவனி. 2015இல் இங்கிலாந்தில் 424 பேரை வைத்துப் பார்த்தபோது, வகுப்புக்குப் போய்க் குளிசையைக் குறைத்தவர்களுக்கும் குளிசையைத் தொடர்ந்தவர்களுக்கும் இரண்டு வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே வைத்தியர் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், நித்திரை கெடும், பதற்றம் வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்றும் நினைத்துக்கொள்வாய். தேறின பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தாதி என்பதால் மட்டும் இல்லை. சுனாமி வந்த அடுத்த வருடம் நானும் அந்தக் குளிசை எடுத்தேன்.

உனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அப்பாவிடம் பிரஷர் குளிசை என்று சொன்னேன். அந்த மார்கழியில் வார்டுக்குக் கொண்டுவந்த பிள்ளைகளைத் துடைத்து, வரிசையாகக் கிடத்தி, தாய்மாரைக் கூட்டி வந்து காட்டினோம். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மாதங்கள் கழித்துத்தான் வந்தது. காலையில் எழும்ப ஏலாது. அரிசி கழுவக் கை வராது. கோணேசர் கோவிலில் போய் நிற்பேன், அழுகைகூட வராது. நீ சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டுக் குசினிக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குளிசை தொடங்கி முதல் இரண்டு கிழமை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாலாம் கிழமையில்தான் சாப்பாட்டில் உப்பு உறைக்கத் தொடங்கியது. அந்தச் சிங்கள மிஸ்ஸிக்கு மட்டும் தெரியும். டியூட்டி முடிந்து வந்து என்னோடு குசினியில் இருப்பார். கதைக்க மாட்டார். அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் இருப்பேன். அது தியானமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தார்.

அதனால்தான் பத்து நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருக்கப் போகிறாய் என்றதும் என் நெஞ்சு பதறியது. மனம் நன்றாக இருக்கிறவனுக்கு அது நல்லதாக இருக்கலாம். இப்போது உனக்கு வேண்டாம். இல்லை, போகத்தான் போகிறாய் என்றால் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போ. சேருவதற்கு முன் படிவத்தில் நோய், மருந்து பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுது.

சரி, இவ்வளவு சுற்றி வந்துவிட்டேன், கேட்டுவிடுகிறேன். அந்த முகாமுக்குப் போக வேண்டும் என்று குளிசையை நிறுத்திவிட்டாயா? நிறுத்தியிருந்தாலும் ஏச மாட்டேன். நாளைக்கே வைத்தியரிடம் சொல்.

சாகிற நினைப்பு ஏதாவது வருகிறதா? அதையும் கேட்கிறேன். வந்தால் நேரம் பார்க்காதே, அந்த நிமிஷமே எனக்கு எடு. அங்கே 988 என்ற உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

அங்கே உனக்கு இரவு எட்டு மணி ஆகும்போது இங்கே நாங்கள் விடிய எழும்பிவிடுவோம். வீடியோ கோல் எடுத்து வைத்துவிட்டு நீ உன் பாட்டில் தியானத்தில் இரு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன், என் பாட்டில் இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பேன். அப்பாவும் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

குளிசையின் பேரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த கிளினிக் எப்போது என்றும் எழுது.

அம்மா