அடிலெய்டுக்கு ஒரு தேக்குப் பேனா

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீடியோ காலில் உனக்காக நான் கடைந்த தேக்குப் பேனாவைக் காட்டியபோது, "என்னம்மா, பிளாஸ்டிக் மாதிரி மின்னுது, மரம் மாதிரியே இல்லையே" என்று கேட்டாய். நீ டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், அப்போது பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அந்த மினுமினுப்பு அழகுக்காகப் போட்டதில்லை. உன் வேலைக்காகவும் நீ இருக்கும் ஊருக்காகவும் போட்டது.

முதலில் வேலை. வார்டில் ஒருவரைத் தொடும் முன் கையில் சானிடைசர், தொட்ட பின் மறுபடியும் சானிடைசர், அந்த ஈரம் காய்வதற்குள் பேனாவை எடுத்து எழுதுவாய். என்னைப் போலப் புதிதாகப் பேனா கடைய வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பூசிப் பார்ப்பது ஃப்ரிக்‌ஷன் பாலிஷ். மரத்தைச் சுழற்றிக் கடைகிற இயந்திரமான லேத் சுற்றும்போதே டிஷ்யூவில் தொட்டு அழுத்திப் பிடித்தால் உரசும் சூட்டில் பளபளவென்று ஏறிவிடும், சில நிமிட வேலைதான், தொட்டால் மரத்தைத் தொட்ட மாதிரியே இருக்கும். ஆனால் அதில் இருப்பது அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும், அதைக் கரைத்துத்தான் அந்த பாலிஷையே செய்கிறார்கள். உன் கையில் அது எத்தனை நாள் நிற்கும் சொல்லு.

அடுத்தது ஊர். இங்கே சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், இந்தக் காற்றில் கிடக்கிற மரத்துக்குள் ஏறத்தாழ 15 விழுக்காடு தண்ணீர் இருக்கும். அடிலெய்டு கோடையில், ஈரப்பதம் 40 விழுக்காடு இருக்கிற அறையில், அதே மரம் மெல்ல மெல்ல 8 விழுக்காட்டுக்கு இறங்கும். தண்ணீர் போகப் போக மரம் சுருங்கும். மேசை நாற்காலி என்றால் சுருங்கிவிட்டுப் போகட்டும், ஆனால் பேனாவின் மரத்துக்குள்ளே பித்தளைக் குழாய் ஒட்டியிருக்கிறது, அது சுருங்காது. மரம் இறுக்குகிறது, குழாய் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது, கடைசியில் நார் போகிற திசையிலேயே நீளமாக விரிசல் விடும். கடைந்து முடித்தபின் ஓரங்களில் மரம் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது பாப்பா.

அதனால்தான் தேக்கு. கோடும் சுழியுமாக வண்ண வண்ணமாக எத்தனையோ மரத்துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன, எனக்கும் ஆசைதான், ஆனால் ஈரம் ஏறி இறங்கும்போது தேக்கு அளவுக்கு அசையாமல் இருக்கிற மரங்கள் குறைவு. தாத்தா வீட்டுப் பழைய அலமாரியின் கால் ஒன்றை ஸ்டோரில் வைத்திருந்தேனே, அதிலிருந்துதான் அறுத்தேன். அவ்வளவு பழைய மரம் என்றாலும் அப்படியே எடுத்துக் கடையவில்லை. சின்னத் துண்டுகளாக்கி உன் அறையில் ஏர்கானுக்குக் கீழே வைத்து, அடிக்கடி சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கிராம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. நின்றபின் 7 மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டு, மறுபடியும் பல நாள் அப்படியே விட்டேன், துளை போட்டால் உள்பக்கமும் காற்றுப்பட்டு மீதி ஈரமும் போகும். சுருங்க வேண்டியதைக் குழாய் உள்ளே போகும் முன்பே சுருங்கவிட்டால் நல்லதுதானே. குழாயை ஒட்டுவதற்கு சூப்பர் குளூ வேண்டாம் என்று எபோக்சி போட்டேன், அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

கடைகிற வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லேத் வீட்டுக்குள் இருக்கிற பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் இருக்கிறது, இரும்புக் கதவைச் சாத்தினால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது, தூசிக்கு முகமூடியும் முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பும் போட்டுக்கொள்கிறேன், கையுறை போடுவதில்லை, சுற்றுகிற இயந்திரத்தில் அது ஆபத்து. இதை அப்பாவிடமும் சொல், உன்னிடம் என்னைப் பற்றிக் கவலைப்படுகிறாராம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மெருகுதான் முக்கியம். 180-ல் ஆரம்பித்து 240, 320, 400, 600 என்று உப்புத்தாள், எண் ஏற ஏற தாள் மென்மையாகும். ஒவ்வொன்றும் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, மரத்தின் நீளவாக்கில் கையால் தேய்த்துவிடுவேன், இல்லாவிட்டால் வளையம் வளையமாகக் கீறல் நிற்கும், மேலே பூசியபின் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அப்புறம் அசிட்டோனால் துடைக்க வேண்டும். தேக்கில் எண்ணெய் அதிகம், துடைக்காமல் பூசினால் பசை பிடிக்காது, நாளாக நாளாகத் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிடும். துடைத்த டிஷ்யூவில் மஞ்சளும் பழுப்புமாக இறங்கும், நிறம் வருவது குறைகிறவரை துடைத்தேன்.

அதன்மேல்தான் சூப்பர் குளூ. ஆமாம், செருப்பு ஒட்டுகிற அதே ஜாதிதான், இதற்கென்று தனியாகத் தண்ணீராகவும் கெட்டியாகவும் விற்கிறார்கள். தண்ணியாக இருப்பதை முதலில் இரண்டு மூன்று தரம் ஊறவிட்டு, பிறகு கெட்டியானதைப் படலம் படலமாக ஏற்ற வேண்டும். மடித்த டிஷ்யூவில் சில சொட்டு, லேத்தை மெதுவாகச் சுற்றவிட்டு ஒரே இழுப்பு. பருத்தித் துணி கூடவே கூடாது, பஞ்சோடு சேர்ந்தால் இந்தப் பசை புகைகிற அளவுக்குச் சூடேறும். பசை இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால்தான், அதனால் நம் வீட்டில் வேகமாக இறுகிவிடும். மழை நாளில் மேலே வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும், வெயில் நாளாகப் பார்த்து, வாடை அடிக்கும் என்பதால் ஷெல்டர் கதவையும் வீட்டு ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் பூசுவேன். ஒன்று காய்ந்து அடுத்தது என்று பொறுமையாகப் பூசி முடிக்க ஒரு மதியம் போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இனிமேல்தான். குழாய் முனை தெரிகிறதே, அந்த வெட்டு முகத்திலும் மரத்தின்மேல் தண்ணிப் பசையைத் தொட்டு வைத்தேன். மரம் ஈரத்தை இழுப்பதும் விடுவதும் அந்த முனை வழியாகத்தான் அதிகம், பக்கங்களை மட்டும் மூடி முனையைத் திறந்து வைத்தால் என்ன பயன்? அப்புறம் மைக்ரோமெஷ் என்கிற மிக மென்மையான தேய்ப்புத் துணி, 1500-லிருந்து 12000 வரை, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. முனை மூடியிருப்பதால் அந்தத் தண்ணீரும் உள்ளே போகாது. நீ பார்த்த மினுமினுப்பு இதுதான். இந்தப் பூச்சு ஈரத்தை முழுசாகத் தடுக்காது, போக்குவரத்தை மெதுவாக்கும், மரத்துக்கு அந்த அவகாசம் போதும்.

உன் அண்ணி இருபத்தைந்தாம் தேதி வாக்கில் அங்கே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பயணியர் அட்டையில் மரப்பொருள் பற்றிக் கேட்கிற இடத்தில் 'ஆம்' என்று குறிக்கச் சொல்லியிருக்கிறேன், பட்டையில்லாத, பூச்சியில்லாத பொருள்தான், எடுத்துக் காட்டினால் போதும். சானிடைசர் பட்டால் பயமில்லை, நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் பக்கத்தில் வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் இந்தப் பூச்சைக் கரைத்துவிடும். வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டுப் போகாதே. மை தீர்ந்தால் கிராஸ் வகை ரீஃபில் என்று கேட்டு வாங்கு, அங்கேயே கிடைக்கும், முனையைத் திருகாதே, மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிடித்து இழுத்தால் கழன்று வரும்.

எனக்கு ஒன்று வேண்டும். உங்கள் பக்கத்து மாலி (mallee) மரத்து முடிச்சு, இல்லை ரெட் கம், இரண்டும் யூகலிப்டஸ் ஜாதிதான், ஒரு சாண் துண்டு கிடைத்தால் வரும்போது எடுத்து வா. பட்டை இல்லாமல், நன்றாகக் காய்ந்ததாகப் பார். இங்கே வந்ததும் அது ஈரம் குடித்து உப்பும், உடனே கடைந்தால் பிறகு உலோக வளையத்தைவிட மரம் துருத்திக்கொண்டு விரலில் தட்டும், அதனால் அதையும் கொஞ்ச நாள் தராசில் வைத்து எடை ஏறி நிற்கிறவரை பார்த்துவிட்டுத்தான் கடைவேன். அப்பாவுக்கு ஒன்று செய்து தர வேண்டும்.

அன்புடன்,
அம்மா