நீல ஜெர்சி

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தோட்டத்தில் கத்தரி இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

நேற்று உன் அறை அலமாரியை ஒழித்தபோது உன் நீல ஜெர்சி கிடைத்தது. மேல் தட்டில், பழைய கம்பளிக்கு அடியில், நாலாக மடித்து வைத்திருந்தாய். இடது கைப் பக்கம் நூல் பிரிந்திருக்கிறது. வாலிபால் ஆடும்போது பள்ளி ஜிம் தரையில் விழுந்து விழுந்து நெஞ்சுப் பக்கம் ஏறிய பழுப்புக் கறை அப்படியே இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

போனில் சொன்னேனே, நம் ஊர்ப் பள்ளியும் பக்கத்து ஊர்ப் பள்ளியும் அடுத்த ஆகஸ்டிலிருந்து ஒரே பள்ளி. விளையாட்டில் சேர்ந்து பத்து வருடம் கழித்து இப்போது வகுப்பறையும் சேர்கிறது. முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி வைத்து, கூட்டு அணியில் ஆடியவர்களின் ஜெர்சிகளை மாட்டப் போகிறார்களாம். உன்னுடையதையும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு உன் சம்மதம் வேண்டும். அதற்கு முன்னால், இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் பிறந்தால் என் கிளினிக் மேசையில் விளையாட்டுப் படிவங்கள் வந்து சேரும், நீ பார்த்திருக்கிறாய். எந்த ஆட்டம் ஆடுவதானாலும் இதயம், மூச்சு, முட்டி எல்லாம் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். 2005-ல் நான் இங்கே வந்தது மூன்று வருடத்துக்காக. ஜே-1 என்ற விசாவில் அமெரிக்காவுக்கு வந்து பயிற்சி எடுத்த டாக்டர்கள், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை செய்தால் உடனே நாடு திரும்ப வேண்டியதில்லை என்று ஒரு சட்டம், ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 பேர். அந்த 30 பேரில் ஒருத்தியாக நெப்ராஸ்காவுக்கு வந்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகளை எனக்குப் பெயரைவிடப் படிவத்தால்தான் முதலில் தெரியும்.

2015-ல் பெண்கள் வாலிபாலுக்கு வந்த படிவங்கள் ஏழு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாம் சேர்த்து ஏழு. களத்தில் ஆறு பேர் நிற்க வேண்டும். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, ஏனென்றால் பிரசவங்கள் குறைந்துகொண்டே வந்ததை அதற்குப் பல வருடம் முன்னாலேயே பார்த்தவள் நான். இங்கே ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். 1862 குடியேற்றச் சட்டப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்றால் ஒரு சதுர மைலில் நாலு வீடு, நாலு வீட்டுப் பிள்ளைகள். இப்போது ஒரே குடும்பம் பெரிய டிராக்டரை வைத்துக்கொண்டு பல சதுர மைலை உழுகிறது. மக்காச்சோளம் முன்னைவிட அதிகம் விளைகிறது, பள்ளிக்கூட பஸ்தான் காலியாக ஓடுகிறது.

இரண்டு ஊர் அணிகளையும் சேர்ப்பது பற்றி அந்த வருடம் நடந்த கூட்டத்துக்கு நீ வரவில்லை. ஜிம்மில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. இப்படிச் சேரும் அணிக்கு 'கோ-ஆப்' என்று பெயர். 'கோ-ஆப்' என்றால் இங்கே தானியக் கிடங்கு நடத்தும் விவசாயிகள் சங்கம் என்றுதான் எல்லோருக்கும் அர்த்தம். நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பால் சொசைட்டி மாதிரி. பிள்ளைகளின் அணியை அப்படிச் சேர்ப்பது என்றதும் பலருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எந்த ஊர்ப் பெயர் முதலில் வரும், எந்த நிறம், பயிற்சி எந்த ஜிம்மில், இரவு பஸ் உண்டா என்று கேள்விகள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கூட்டித்தான் அணி எந்தப் பிரிவில் ஆடும் என்று மாநிலச் சங்கம் முடிவு செய்யும், பெரிய பள்ளிகளோடு மோத வேண்டிவருமே என்று ஒருவர் வருத்தப்பட்டார். அது நியாயமான வருத்தம்தான்.

அப்போது என் பேஷன்ட் ஒருவர் எழுந்தார், எண்பது தாண்டிய விவசாயி. ஆறு பேர் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் பிறந்தது நம் மாநிலத்து ஹெப்ரானில்தான் என்று ஆரம்பித்தார். 1934 செப்டம்பர். பஞ்சகாலம், புழுதிக் காற்று, பதினொரு பையன்களைத் திரட்ட முடியாத பள்ளிகள். செஸ்டர் ஊர் வாத்தியார் ஸ்டீபன் எப்லர் அவர்களுக்காக 80 கெஜ நீளம், 40 கெஜ அகலக் களத்தில் ஓர் ஆட்டத்தை அமைத்தார். அந்த முதல் ஆட்டத்தில் இறங்கிய இரண்டு அணிகளுமே இரண்டிரண்டு ஊர்ப் பையன்களைச் சேர்த்தவை. 19-19 என்று சமனில் முடிந்தது. "சேர்ந்து ஆடுவது நமக்குப் புதுசு இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. நான் கை தூக்கிச் சம்மதம் சொன்னேன்.

சம்மதம் சொன்னவளுக்கே பிறகு பொறுக்கவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ ஆறாம் வகுப்பிலிருந்து செட்டர், அடிப்பவளுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவள். வராந்தாச் சுவரில் பந்தைத் தட்டித் தட்டி விரல் பழக்கியவள். கூட்டு அணியில் அந்த ஊரிலும் ஒரு செட்டர் இருந்தாள், உன்னைவிட உயரம், உன்னைவிட நிதானம். அந்த இடத்துக்கு ஒருத்தி போதும். இரண்டு ஊர் சேரும்போது பிள்ளைகள் கூடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருத்திதானே! கூட்டத்தில் யாரும் இதைப் பேசவில்லை. கோச் அவளைச் செட்டராக்கி, உன்னை லிபரோ ஆக்கினார். பின்வரிசை மட்டும்; எகிறி அடிக்கக் கூடாது; வரும் பந்தை எல்லாம் விழுந்து எடுக்க வேண்டும். லிபரோ வேறு நிறம் போட வேண்டும் என்பது விதி. அணிக்கு நம் ஊர்ச் சிவப்பு என்று முடிவானதால், உனக்கு அந்த ஊரின் பழைய நீலத்தைக் கொடுத்தார்கள்.

முதல் ஆட்டத்தன்று நான் மேல் படியில் உட்கார்ந்து பார்க்கிறேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் சிவப்பில் நிற்கிறார்கள். என் பிள்ளை ஒருத்தி மட்டும் நீலத்தில். நிறத்தில் ஏற்கெனவே தனியாக இருப்பவளை இன்னும் தனியாக நிறுத்திவிட்டார்களே என்றுதான் என் புத்திக்கு எட்டியது. பக்கத்தில் அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி, சில்லி என்கிற காரக் குழம்பும் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும் ஒரே தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். காரத்தோடு இனிப்பு. வாங்கிக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

எனக்கு என் கதையும் சேர்ந்துகொண்டது. கோபி பெண்கள் பள்ளியில் நான் கோ-கோ ஆடி வட்டார அளவு வரை போனவள். ஒன்பதாம் வகுப்பில் உன் அப்பிச்சி, என் அப்பா, போதும் என்று நிறுத்திவிட்டார். பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டும் அவர் மனசு இறங்கவில்லை. என் பிள்ளையை யாரும் ஒதுக்கக் கூடாது என்று அந்தக் கோபம் எல்லாம் இங்கே வந்து நின்றது.

மறு வாரம் உனக்குத் தெரியாமல், கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு, கோச்சிடம் பேச அந்த ஊருக்குப் போனேன். பதினேழு மைல். இருபக்கமும் அறுவடைக்குக் காய்ந்து நின்ற மக்காச்சோளம். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஜிம் வாசலில் கார்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. பயிற்சி முடிந்துவிட்டது, நீ பஸ்ஸுக்குக் காத்திருப்பாய் என்று நினைத்துக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பாதி விளக்கு அணைந்திருந்தது. நீயும் அந்தச் செட்டர் பெண்ணும் மட்டும். அவள் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு கூடை பந்தோடு நின்று ஒவ்வொன்றாக உன் மேல் அடிக்கிறாள். இடம், வலம், காலடி. நீ விழுகிறாய், எடுக்கிறாய், எழுகிறாய். ஒன்று தவறினால் அவள் விரலைக் காட்டி எண்ணுகிறாள், மறுபடி முதலிலிருந்து. ஜூலையில் நீங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் விதை மக்காச்சோளத்தின் பூ பிடுங்கும் வேலைக்குப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விடியற்காலைப் பனி ஈரத்துக்குக் குப்பைப் பையைக் கிழித்துச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு போவீர்களே. கூடை காலியானதும் இரண்டு பேரும் தரையில் மல்லாந்து படுத்துவிட்டீர்கள். உன் தலைக்கு அடியில் அவள் தன் முட்டிக்கவசத்தைத் தள்ளினாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து, ஏன் என் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டாய். வெங்காயம் என்றேன்.

இரண்டு வருடம் முன்னால் நீ சிகாகோவிலிருந்து அதற்கென்றே வந்து, லிங்கன் மெமோரியல் ஸ்டேடியத்தில் நாம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? 2023 ஆகஸ்ட் 30. ஃபுட்பால் மைதானத்தின் நடுவில் வாலிபால் களம் போட்டு, பெண்கள் ஆடுவதைப் பார்க்க 92,003 பேர். எல்லோரும் அடிப்பவளைப் பார்க்க, நீ மட்டும் நெப்ராஸ்கா அணி லிபரோ லெக்ஸி ரோட்ரிகெஸின் கால்களைக் காட்டி, "பாரும்மா, பந்து வருவதற்கு முன்னாலேயே நகர்ந்துவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தச் செட்டர் பெண் உன் மறுபக்கம் உட்கார்ந்து தலையாட்டினாள். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

இந்த மே மாதம் வாலிபாலுக்கு இரண்டு ஊரும் சேர்த்துப் பதினொரு படிவம். நம் ஊரிலிருந்து மூன்று. ஒருத்திக்குக் கணுக்கால் இன்னும் வலுவாக வேண்டும், பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லிபரோ ஆக வேண்டும் என்று சொன்னாள். இன்னும் நீலம்தானா என்று கேட்டேன். நீலம்தான் என்றாள்.

ஜெர்சியைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? உனக்கு அது உன்னிடம் வேண்டுமென்றால் இந்த வாரமே பார்சல் போட்டுவிடுகிறேன், பள்ளி அலமாரியில் இடம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. கொடுக்கச் சொன்னால் கறையைத் துவைக்காமல் அப்படியே கொடுக்கிறேன். நூல் பிரிந்த இடத்தைத் தைக்கவா என்பதையும் சொல். வியாழக்கிழமைக்குள் ஆபீசில் பதில் கேட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா